ஐந்து மொழிக்கு ஒரே தொண்டை

வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் நான் பார்க்கும் வேலைக்கு நிலையான பெயர் கிடையாது. சிலர் லிரிக் அசிஸ்டென்ட் என்பார்கள், சிலர் உச்சரிப்பு பார்க்கிறவர் என்பார்கள். கவிஞர் வர முடியாத நாட்களில் அவர் எழுதிய தாளோடு சவுண்ட் இன்ஜினியருக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிறவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. உள்ளே பாடுகிறவரோடு பேசுவதற்கான டாக்பேக் பொத்தானை அழுத்தி, "மேடம், அது லகரம் இல்ல, ளகரம். இன்னொரு வாட்டி போலாமா?" என்று கேட்பதற்குத்தான் எனக்குக் காசு.

பல மொழிகளில் பாடும் இளம் பாடகர் என்றால் அத்தனை மொழியும் பேசுவார் என்று வெளியில் ஒரு நினைப்பு இருக்கிறது. பேட்டிகளில் முதல் கேள்வியே, "உங்களுக்கு எத்தனை மொழி தெரியும்?" என்பதுதான். நான் பார்த்தவரை பலருக்கு இரண்டு மூன்றுக்கு மேல் பேச வராது. பாடுவதோ எட்டு, பத்து. இதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். பேசத் தெரிந்தும் பாட்டில் சொல்லை மென்று துப்புகிறவர்கள் நம் ஊரிலேயே உண்டு. இவர்களிடம் இருக்கும் மூலதனம் காதுதான். அந்தக் காதுக்கு நாம் என்ன கொடுக்கிறோம், எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் பாதிப் பாட்டு தீர்மானமாகிறது.

முதல் சிக்கல் தாளிலேயே தொடங்குகிறது. 'காதல்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது, 'ட' என்று படித்துவிடாமல் இருக்க நாம் நடுவில் ஒரு ஹெச் சேர்ப்போம். இந்தி படித்தவருக்கு அந்த ஹெச், மூச்சைத் தள்ளிச் சொல்லச் சொல்லும் குறி. கடமையாக மூச்சைத் தள்ளுவார். காதலில் புஸ்ஸென்று காற்று வரும். கேட்கிறவர்கள், "வடநாட்டுக்காரங்களுக்குத் தமிழ் வராது" என்பார்கள். அவர் எழுதியிருந்ததை அப்படியே படித்தார், அவ்வளவுதான்.

சரி, தேவநாகரியில் எழுதிக் கொடுக்கலாம் என்றால் அதிலும் வம்பு. அதில் குறில் எ, ஒ புழக்கத்தில் இல்லை. 'கொடு' என்பது 'கோடு' ஆகும், 'பெண்' என்பது 'பேண்' ஆகும். இந்தியில் சொல்லின் கடைசி அகரத்தை விழுங்கிவிடும் பழக்கம் வேறு. 'வர' என்பது 'வர்' என்று நிற்கும். மெட்டில் அந்த அகரத்துக்குத்தான் நீளமான ஸ்வரம் போட்டிருப்பார்கள். இதற்கு மேல் நம் 'க' ஒன்றே கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, முகத்தில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. நாம் யோசிக்காமலே சொல்கிறோம். எழுத்தைப் பார்த்துப் படிக்கிற வெளியூர்க்காரருக்கு அதில் எந்தத் துப்பும் இல்லை.

புனேயிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பெயர் வேண்டாம். இருபதைத் தாண்டிய வயது, மராத்தி வீட்டுமொழி. மராத்தியில் ளகரம் இருப்பதால் அதில் தகராறே இல்லை. 'வெள்ளை'யை நம் டிவி தொகுப்பாளர்கள் பலரைவிட நன்றாகச் சொன்னாள். ழகரம்தான் மக்கர் பண்ணியது. நாக்கை மடக்கு, மேலண்ணத்தில் ஒட்டவிடாதே என்று சொல்லிக் கொடுத்தால், ஒட்டாமல் இருப்பதில் கவனம் வைத்து மெட்டைக் கோட்டை விட்டாள். (கனடா, அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ழகரம் சட்டென்று வந்துவிடும். அந்த ஊர் ஆங்கிலத்தில் 'ஆர்' எழுத்துக்கே நாக்கு அப்படித்தான் மடங்கும். அவர்களுக்கு முட்டுகிற இடம் றகரம்.)

அவள் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. மைக்கை விட்டு வெளியே வந்து, "அண்ணா, பாட்டா வேண்டாம், பேசுற மாதிரி படிங்க. மெதுவா வேண்டாம், உங்க வேகத்துலயே" என்று ஆங்கிலமும் இந்தியும் கலந்து கேட்டாள். போனில் பதிவு செய்துகொண்டாள். பிறகு தன் நோட்டுப் புத்தகத்தில் தனக்கு மட்டும் புரிகிற குறிகளைப் போட்டாள்: நெடிலுக்குக் கோடு, மடங்கும் நாக்குக்கு ஒரு கொக்கி, மூச்சு எடுக்கும் இடத்தில் காற்புள்ளி. கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். "இந்த 'போடா'வில் கோபமா, செல்லமா?" செல்லம் என்றேன். அடுத்த டேக்கில் அந்த ஒரு சொல்லில் இன்ஜினியர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குள் ழகரமும் முக்கால்வாசி வந்திருந்தது. மிச்சம் கால்வாசிக்கு வேறொரு டேக்கில் நன்றாக விழுந்த 'ழு' ஒன்றை வெட்டி எடுத்து ஒட்டினோம். ஸ்ருதி விலகினால் மென்பொருளில் நகர்த்திவிடலாம். லகரத்தை ளகரமாக்க இன்னும் பொத்தான் வரவில்லை, அதனால் இந்த வெட்டி ஒட்டும் வேலை.

பல மொழிகளில் பாடும் இந்திப் பாடகர் அர்மான் மாலிக் வந்த வழியை இந்தத் தொழில் கண்ணோடுதான் கவனித்து வருகிறேன். அவரோடு வேலை செய்ததில்லை. எல்லாரையும் போலப் பாட்டைக் கேட்கிறவன்தான். 1995-ல் மும்பையில் பிறந்தவர். தாத்தா சர்தார் மாலிக், பெரியப்பா அனு மாலிக், அப்பா, அண்ணன் என்று வீடு முழுக்க இசையமைப்பாளர்கள். 2006-ல் சிறுவர்களுக்கான 'ச ரி க ம ப' போட்டியில் எட்டாவது இடம். அந்தப் போட்டியில் எட்டாவதாக வந்த பிள்ளைகளை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? இவர் 2008-ல் அமிதாப் பச்சனோடு சேர்ந்து ஒரு படத்தில் பாடினார், பிறகு பாஸ்டன் பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்தார், 2014-ல் வளர்ந்த குரலோடு இந்திப் படங்களுக்குத் திரும்பி வந்தார். வீட்டுப் பெயர் கதவைத் திறந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெயர் தெலுங்கில் ஒரு ஒற்றெழுத்தைக்கூடப் பாடிக் கொடுக்காது.

2020 அவருக்கு விசேஷமான வருஷம். தொடக்கத்தில் தமன் இசையில் 'புட்ட பொம்மா' தெலுங்கு தெரியாத வீடுகளிலும் ஒலித்தது. மார்ச்சில் 'கண்ட்ரோல்' என்ற ஆங்கிலப் பாட்டு வந்தது. அதற்காக எம்டிவி ஐரோப்பிய விருதில் சிறந்த இந்தியக் கலைஞர் பட்டமும் கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். தெலுங்கில் பெரும்பாலான சொற்கள் உயிரெழுத்தில் முடிவதால் குரலை நீட்ட இடம் தாராளம். எழுத்தும் ஏறக்குறைய தேவநாகரிக்கு நேருக்கு நேர் பொருந்தும். இந்திக்காரர்களுக்குத் தமிழைவிடத் தெலுங்கு சீக்கிரம் படிவது இதனால்தான் என்பது என் அனுபவம். நம் சொற்கள் ல், ன், ம், ள் என்று மூடிக்கொள்ளும். கதவை எப்போது சாத்துவது என்று தெரிந்தால்தான் அந்த வரி நிற்கும். ஆங்கில பாப் பாட்டு முற்றிலும் வேறு. மைக்குக்கு நெருக்கமாக, பாதிச் சொல்லை மூச்சிலேயே விட்டுவிட வேண்டும். இந்திப் பாட்டில் அழகு சேர்க்கிற வளைவுகள் அங்கே துருத்திக்கொண்டு நிற்கும். அந்த வளைவுகளைத் தேவையான இடத்தில் போடவும் தேவையில்லாத இடத்தில் விடவும் தெரிந்ததைத்தான் நான் அவருடைய பன்மொழித் திறமை என்பேன்.

இது புதிதொன்றும் இல்லை. தாய்மொழி தெலுங்காக இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியம் நான்கு மொழிகளில் தேசிய விருது வாங்கியவர். 1981-ல் வந்த 'ஏக் தூஜே கே லியே' படத்தில் அவர் பாடும் இந்தியில் தெற்கத்தி வாடை அடிக்கிறது என்று இசையமைப்பாளர்கள் தயங்கியபோது, கதாநாயகனே தமிழ்ப் பையன்தானே என்று பாலசந்தர் பிடிவாதமாக நின்றார் என்பது திரையுலகில் எல்லாரும் சொல்லும் கதை. அந்தப் படத்தில் பாடியதற்கும் அவருக்கு விருது வந்தது. மலையாளி சித்ராவின் முதல் தேசிய விருது தமிழ்ப் பாட்டுக்கு. வங்காளியான ஸ்ரேயா கோஷலுக்கு 'இரவின் நிழல்' பாட்டுக்காக 2021-ஆம் ஆண்டுக்கான விருது. மூத்தவர்கள் காலத்தில் வாத்தியக்காரர்கள், கவிஞர், பாடகர் எல்லாரும் ஒரே கூடத்தில் இருந்தார்கள். ஒத்திகை இருந்தது. சந்தேகம் வந்தால் எழுதியவரையே திரும்பிக் கேட்கலாம். இப்போது பாடகர் மும்பையில் தன் வீட்டு அறையில், நான் வீடியோ காலில், கவிஞர் வேறொரு படத்தின் டிஸ்கஷனில். இணையம் தடுக்கும்போது எனக்குக் கேட்பது ளகரமா லகரமா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது.

ஒரே படம் ஐந்து மொழிகளில் வருவதால் ஐந்துக்கும் ஒரே குரல் என்ற கணக்கு இப்போது சகஜம். விளம்பரத்துக்கு ஒரு முகம் போதும். இதில் அடிபடுகிறவர்கள் டிராக் பாடுகிறவர்கள். இசையமைப்பாளர் மெட்டை முடித்ததும், பிரபலக் குரல் வருவதற்குள், உள்ளூர்ப் பிள்ளை யாராவது முழுப் பாட்டையும் பாடி வைப்பார்கள். மொழி அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு. அவர்கள் பாடியதைக் கேட்டுத்தான் வெளியூர்க் குரல் உச்சரிப்பைப் பிடிக்கும். பிறகு அது அழிக்கப்படும். ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் டிராக் பாடிய பெண்ணுக்குப் பேசிய சின்னத் தொகையைக்கூட மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கேட்கப் போனவளை, "உன் குரல் படத்துல இல்லையேம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டம் பாடகருக்கு ராயல்டி உரிமை தந்தது, அடுத்த வருஷமே அதை வசூலிக்கப் பாடகர்கள் சங்கமும் வந்தது. ஆனால் அழித்த டிராக்குக்கு ராயல்டி ஏது? அந்தப் பெண் இப்போது இந்தி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு மும்பைக்கு டெமோ அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இந்தியில் 'க' நான்கு விதம். அங்கே அந்த நான்கையும் பிரித்துச் சொல்லச் சொல்லி யாரோ ஒருவர் டாக்பேக்கை அழுத்திக்கொண்டிருப்பார்.

பாட்டு வெளிவந்ததும் ஒரு சொல்லை மட்டும் வெட்டி, "தமிழைக் கொலை பண்றாங்க" என்று ஓடவிடுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, முகவரிதான் தப்பு. எனக்குத் தெரிந்து கெட்டுப்போன உச்சரிப்புகளில் பெரும்பாலானவை பாடகரின் சோம்பலால் வந்தவை அல்ல. தாள் நேரத்துக்கு வரவில்லை, வந்ததும் அவருக்குப் படிக்கிற மாதிரி இல்லை.

புனேக்காரப் பெண் காட்டிய வழியை இப்போது எல்லாருக்கும் செய்கிறேன். முழுப் பாட்டையும் பேச்சு நடையில் படித்து, யார் யாரிடம் என்ன மனநிலையில் சொல்கிறார் என்று ஒரு வரி சேர்த்து, குரல்பதிவாக முந்தின நாளே அனுப்பிவிடுவேன். சில இசையமைப்பாளர்கள் இதை வழக்கமாக்கிவிட்டார்கள். மற்றவர்கள், பாடகர் ஹெட்போனை மாட்டிய பிறகு இரண்டாவது சரணத்தை மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.