ஒரே கம்ப்யூட்டரில் இசையும் கேமும்

கம்ப்யூட்டர், இசை, வீடியோ கேம்: எனக்குப் பிடித்தவை இவைதான். மூன்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர் போதும். சிங்கப்பூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேர் போனால் பலரும் கிராபிக்ஸ் கார்டு விலையைத்தான் கேட்கிறார்கள். கம்ப்யூட்டரில் இணைக்கும் இசைக் கீபோர்டான மிடி கீபோர்டு வாசிப்பவர், ஒலியைக் கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் காசு ஒதுக்கியே ஆக வேண்டும். கட்டையை அழுத்தி, ஒலி பிந்தி வந்தால் தாளமே கெட்டுவிடும். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸோடு வரும், இந்தத் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரைப் போடுங்கள். பஃபர் என்பது ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் இடம். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலித் துணுக்கு) என்ற வேகத்தில், பஃபர் 128 சாம்பிள் வைத்தால், அந்தப் பஃபரின் தாமதம் 3 மில்லிசெகண்டைத் தொடாது. ஒலி படபடவென வெட்டினால் பிராசஸர் திணறுகிறது என்று அர்த்தம், பஃபரை 256க்கு ஏற்றுங்கள். பதிவானதைக் கலக்கும் மிக்ஸிங்கில் நேரடியாக வாசிப்பதில்லை, அதற்கு 1024கூடச் சரிதான்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ராத்திரி ஸ்பீக்கர் ஆகாது, ஹெட்ஃபோன்தான். அதுவும் வயர் உள்ளது. புளூடூத்தின் தாமதம் ரிதம் கேமையும் கெடுக்கும்.