போர்ட் திறந்திருந்தால் போதாது: ஒரு லோட் பேலன்சர் நாட்குறிப்பு

5 ஜனவரி 2026, திங்கள்

ஆண்டின் முதல் வாரக் கூட்டத்திலேயே டிசம்பர் கோளாறு பேச்சுக்கு வந்துவிட்டது. நான்கு ஆப் சர்வர்களில் ஒன்று டேட்டாபேஸ் இணைப்புகள் தீர்ந்துபோய், வந்த கோரிக்கைக்கெல்லாம் 503 (இப்போது சேவை தர முடியாது) என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கோரிக்கைகளை நான்குக்கும் பகிர்ந்து தரும் லோட் பேலன்சர் மென்பொருளான எச்ஏபிராக்ஸியின் நிலைப் பக்கத்தில் அது கடைசிவரை பச்சையாகவே இருந்தது. இப்படிப்பட்ட கோளாறுதான் எனக்குப் பெரிய கவலை. மொத்தமும் விழுந்தால் ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கால்வாசி விழுந்தால், பணம் கட்ட முடியாமல் தவிக்கும் வாடிக்கையாளர் போன் செய்து சொன்னால்தான் தெரியும்.

காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் லோட் பேலன்சர் டிசிபி அளவில், அதாவது இணைப்பை ஏற்படுத்தும் அடுக்கில், மட்டும் வேலை செய்கிறது. எச்டிடிபிஎஸ்ஸின் டிஎல்எஸ் குறியாக்கத்தை அது பிரிப்பதில்லை, அப்படியே பின்னால் இருக்கும் சர்வருக்குக் கடத்திவிடுகிறது. சர்வர் நலமா என்று பார்க்கும் ஹெல்த் செக்கும் அதே அளவில் நின்றுவிட்டது. சர்வர் வரியில் ‘செக்’ என்ற ஒரே சொல். ஆப்பின் வாசலான போர்ட்டுக்கு இணைப்பு கிடைத்தால் ‘எல்4ஓகே’ (4-ஆம் அடுக்கான டிசிபி சரி), அதோடு சரி.

நாங்கள் சேவை தருவது ஒரு வங்கிக்கு. முக்கியமான அமைப்புகள் 12 மாதங்களில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக் கூடாது, பெரிய கோளாறு என்று தெரிந்த 1 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது வங்கிகளுக்கு சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. அந்த 4 மணி நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட இப்படி இழக்கக் கூடாது என்று கூட்டத்தில் சொன்னேன். சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது. சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. அதற்கு ஒரு வாரம் முன்பே கணினி அமைப்புகளில் மாற்றங்களுக்குத் தடை வந்துவிடும்.

8 ஜனவரி, வியாழன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி நேராகக் கேட்டான்: “அண்ணே, போர்ட் திறந்திருக்குன்னா அந்த ஆப் ஓடுதுன்னுதானே அர்த்தம்?”

சொல்லி விளக்குவதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்று சோதனைச் சூழலுக்குக் கூட்டிப்போனேன். ஒரு சர்வரில் ஆப் புராசஸுக்கு ‘கில் -ஸ்டாப்’ அனுப்பினோம். அது புராசஸைக் கொல்லாது, அப்படியே உறைய வைத்துவிடும். இனி அந்த ஆப் ஒரு வரி கோடைக்கூட ஓட்டாது. ஆனால் நிலைப் பக்கத்தில் எல்4ஓகே மாறவே இல்லை. தம்பி பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தான். பச்சைதான்.

ஏன் என்றால், இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலைச் செய்வது ஆப் அல்ல, இயங்குதளத்தின் உட்கருவான லினக்ஸ் கெர்னல். கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டுக்கு வரும் இணைப்பை கெர்னலே முடித்து வரிசையில் நிறுத்திவைக்கும். ஆப் வந்து எடுத்துக்கொள்ளும் என்று அது காத்திருக்கிறது. ஆப் உறைந்திருந்தாலும் வரிசை நிரம்பும்வரை கெர்னல் வரவேற்றுக்கொண்டேதான் இருக்கும். பாவம், அந்த வரிசையில் நிற்பவர்களில் உண்மையான வாடிக்கையாளர்களும் உண்டு.

அப்புறம் அதே சர்வருக்கு, எச்டிடிபி கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் ‘ஆப்ஷன் எச்டிடிபிசெக்’, அதை டிஎல்எஸ் வழியாக அனுப்பும் ‘செக்-எஸ்எஸ்எல்’ இரண்டையும் சேர்த்து மறுபடி சோதித்தோம். இந்த முறை சில நொடிகளில் சிவப்பு. காரணம் என்ற இடத்தில் ‘எல்6டிஓயூடி’. இணைப்பு கிடைத்தது, டிஎல்எஸ் கைகுலுக்கலுக்குப் பதில் வரவில்லை என்று பொருள். புராசஸை மீண்டும் ஓடவிட்டு, ஆப்பை 503 தரவைத்துப் பார்த்தோம். ‘எல்7எஸ்டிஎஸ்’ என்று வந்தது, அதாவது பதில் வந்தது, ஆனால் நிலைக்குறியீடு தவறு. எந்த அடுக்கில் பிடிப்பு விட்டது என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. நள்ளிரவில் அழைப்பு வந்து எழுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மதியம் முழுவதும் வேறு வேறு விதமாக ஆப்பை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் தடுக்கவில்லை.

14 ஜனவரி, புதன்

எச்டிடிபிஎஸ் மூலம் கேட்பது என்று முடிவாகிவிட்டது. எதைக் கேட்பது என்பதில்தான் இன்று முழுநாளும் போனது.

ஒன்றும் குறிப்பிடாவிட்டால் எச்ஏபிராக்ஸி அனுப்புவது ‘ஆப்ஷன்ஸ் /’ என்ற எச்டிடிபி 1.0 கோரிக்கை. 2xx (வெற்றி), 3xx (வேறு முகவரிக்குத் திருப்புதல்) எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் 302 கூடத் தேர்ச்சிதான்! அது எங்களுக்கு உதவாது. 2.2 பதிப்பிலிருந்து ‘எச்டிடிபி-செக் சென்ட்’ இருப்பதால் முறை, முகவரி, ஹோஸ்ட் தலைப்பு எல்லாவற்றையும் தெளிவாக எழுதலாம். எதிர்பார்க்கும் பதில் 200 (சரி) மட்டும்.

ஆப் குழுவினர் ஹெல்த் செக்கிலேயே டேட்டாபேஸ், செய்தி வரிசை, வங்கியின் ஏபிஐ (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் இடைமுகம்) எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிடலாம் என்றார்கள். நான் உடன்படவில்லை. நான்கு சர்வர்களும் ஒரே டேட்டாபேஸைத்தான் நம்பியிருக்கின்றன. அது பத்து நொடி தடுமாறினால் நான்கும் ஒரே நேரத்தில் வெளியே போய்விடும். இயல்பு அமைப்பில் 2 நொடிக்கு ஒரு சோதனை, தொடர்ந்து 3 தோல்வி என்றால் சர்வர் விலக்கப்படும், அதாவது ஏறத்தாழ 6 நொடி. சிறு தடுமாற்றம் முழு முடக்கமாகிவிடும். டேட்டாபேஸ் படுத்துவிட்டால் சர்வரை விலக்கி என்ன பயன்? பக்கத்துச் சர்வருக்கும் அதே டேட்டாபேஸ்தானே. அதைத் தனிக் கண்காணிப்பு சொல்லட்டும்.

கடைசியில் ஒத்துக்கொண்டது இது: அந்தச் சர்வருக்கு மட்டுமே உரிய கோளாறுகளை ஹெல்த் செக் சொல்ல வேண்டும். தன் டேட்டாபேஸ் இணைப்புக் குளத்தில் இடம் இருக்கிறதா, டிஸ்க்கில் எழுத முடிகிறதா, அமைப்புக் கோப்பு சரியாக ஏறியதா. டிசம்பரில் நடந்ததும் இந்த வகைதான்.

நாளை பொங்கல். கரும்பு வாங்கத் தேக்கா சந்தைக்குப் போக வேண்டும், அதற்குள் எழுதி முடித்துவிட்டேன்.

21 ஜனவரி, புதன்

பாதுகாப்புக் குழுவின் அக்கா என் வரைவைப் படித்துவிட்டு ஒரே இடத்தில் விரலை வைத்தார்: ‘வெரிஃபை நன்’, அதாவது சான்றிதழைச் சரிபார்க்காதே என்ற கட்டளை.

“தம்பி, இதை எதுக்குப் போட்டீங்கன்னு கேட்கல. எல்லாரும் ஏன் போடுறாங்கன்னு யோசிச்சீங்களா?”

எச்ஏபிராக்ஸி இயல்பாகவே சான்றிதழைச் சரிபார்க்கத்தான் முனைகிறது. நம்பத்தக்க சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) கோப்பைக் காட்டாவிட்டால் தொடங்கவே மறுக்கும். அந்தப் பிழையைக் கடக்க எளிய வழி ‘வெரிஃபை நன்’. அது ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு ஒட்டிக்கொண்டே போகிறது. வரைவில் அதை வைத்திருந்ததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது: இது உள் நெட்வொர்க், செக்கில் ரகசியம் எதுவும் போகவில்லை.

அக்கா அதை ஏற்கவில்லை. அவர் சொன்னது சரி. எங்கள் லோட் பேலன்சர் டிஎல்எஸ்ஸைப் பிரிக்காமல் கடத்துவதால், வாடிக்கையாளரின் உலாவி பார்ப்பது பின்னால் இருக்கும் சர்வரின் சான்றிதழைத்தான். காலாவதியான சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு 200 சொல்லும் சர்வர் வாடிக்கையாளருக்கு எந்த வகையிலும் பயன்படாது. “கடை விளக்கு எரியுது, அடுப்பு பத்தலைன்னா சாப்பாடு வருமா?” என்றார்.

ஆகவே ‘வெரிஃபை ரிக்கொயர்ட்’ (சான்றிதழைச் சரிபார்), சிஏ கோப்பு, ‘வெரிஃபைஹோஸ்ட்’ (அதிலுள்ள பெயரையும் சரிபார்), ‘செக்-எஸ்என்ஐ’ (எந்தத் தளம் வேண்டும் என்று சொல்) நான்கும் கட்டாயம். எஸ்என்ஐ இல்லாமல் கேட்டால், பல தளங்களை நடத்தும் சர்வர் தன் முதன்மைச் சான்றிதழைத்தான் நீட்டும், பெயர் பொருந்தாது.

சோதனைச் சூழலில் இதைப் போட்டதுமே ஒரு சர்வர் ‘எல்6ஆர்எஸ்பி’ (டிஎல்எஸ் அடுக்கில் தவறான பதில்) காட்டியது. டிஸ்க்கில் புதிய சான்றிதழ் இருந்தது, ஆனால் புராசஸை யாரும் ரீலோட் செய்யவில்லை. அது நினைவகத்தில் இருந்த பழைய சான்றிதழையே கொடுத்துக்கொண்டிருந்தது. கோப்பைப் பார்த்து நாள் எண்ணும் எந்தக் கண்காணிப்பும் இதைப் பிடித்திருக்காது.

இதன் மறுபக்கத்தையும் பேசினோம். நான்கு சர்வர்களிலும் ஒரே சான்றிதழ். அது காலாவதியானால் நான்கும் ஒன்றாக விழும். எனவே முன்னெச்சரிக்கை தனியாக வேண்டும். தினமும் நெட்வொர்க் வழியாகவே சான்றிதழை வாங்கி, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ‘-செக்எண்ட் 1209600’ (நொடிகளில்) வைத்து, 14 நாளுக்குள் முடிவதாக இருந்தால் டிக்கெட் திறக்கும் ஒரு ஜாப். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் தன் காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களை 2025 ஜூனிலேயே நிறுத்திவிட்டது. நம் கண்ணை நாம்தான் திறந்துவைத்திருக்க வேண்டும்.

28 ஜனவரி, புதன்

ஆன்சிபிள், அமைப்புக் கோப்புகளைத் தானாக எழுதிப் போடும் கருவி. கையால் எழுதினால் ஒவ்வொரு பேக்எண்டும் (பேலன்சருக்குப் பின்னால் இருக்கும் சர்வர் தொகுதி) ஒவ்வொரு விதமாக முளைக்கும். இப்போது ஆப் குழு தருவது மூன்று விவரங்கள்தான்: பெயர், ஹெல்த் முகவரி, சர்வர் பட்டியல். மற்றதை டெம்ப்ளேட் நிரப்பும். ‘வெரிஃபை நன்’ எழுத அதில் இடமே வைக்கவில்லை. விதிவிலக்கு வேண்டுமென்றால் அக்காவின் ஒப்புதலோடு டெம்ப்ளேட்டையே மாற்ற வேண்டும்.

கோப்பு இடத்துக்குப் போகும் முன் அதைச் சரிபார்க்கும் ‘எச்ஏபிராக்ஸி -சி -எஃப்’ ஓடும். தவறு இருந்தால் பழைய கோப்பு அப்படியே இருக்கும். லோட் பேலன்சர் இரண்டும் ஒரே நேரத்தில் மாறாது, ‘சீரியல் 1’. முதலாவது மாறியபின் எல்லாச் சர்வரும் எல்7ஓகே (எச்டிடிபி அடுக்குவரை சரி) என்று வந்தால்தான் இரண்டாவதைத் தொடும்.

சின்னச் சின்னவை: இரண்டு பேலன்சர், 2 நொடிக்கு ஒருமுறை என்றால் ஒரு சர்வருக்கு நாளுக்கு 86,400 டிஎல்எஸ் கைகுலுக்கல், அத்தனை லாக் வரிகள். அவசரம் இல்லாத பேக்எண்டுகளுக்கு 5 நொடி போதும். ஹெல்த் முகவரியை அணுகல் லாகிலிருந்து விலக்கினோம். எல்லாம் ஒரே கணத்தில் கேட்காதிருக்க ‘ஸ்ப்ரெட்-செக்ஸ்’. ஹெல்த் முகவரி பேலன்சர்களின் ஐபிக்கு மட்டுமே திறக்கும், பதிலில் பதிப்பு எண்ணோ சர்வர் பெயரோ வராது.

1 பிப்ரவரி, ஞாயிறு

தைப்பூசம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அம்மாவின் பால்குடத்தோடு கூடவே நடந்தேன். வெள்ளிக்கிழமை முதல் தொகுதி நேரடிச் சூழலுக்குப் போயிருந்தது. வார இறுதியில் ஒரே ஒரு எச்சரிக்கை. டிஸ்க் நிரம்பிய சர்வர், எல்7எஸ்டிஎஸ். தானாக விலகியது, வாடிக்கையாளர் யாரும் உணரவில்லை. அதைச் சரிசெய்தது தம்பி.

6 பிப்ரவரி, வெள்ளி

ஆப் குழுவுக்கு மிகவும் பிடித்துப்போனது ‘டிஸேபிள்-ஆன்-404’. புதிய பதிப்பு போடும் முன் அவர்களின் ஸ்கிரிப்ட் ஹெல்த் முகவரியை 404 (அப்படியொரு பக்கம் இல்லை) சொல்லவைக்கிறது. பேலன்சர் அந்தச் சர்வருக்குப் புதிய இணைப்பு தருவதை நிறுத்திவிடும், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் தொடரும். 200 மட்டுமே எதிர்பார்க்கிறோம் என்று எழுதியிருந்தாலும் 404-க்கு இந்த விதிதான் முந்தும். ஒன்றை மட்டும் அவர்களிடம் அழுத்திச் சொன்னேன்: ஏற்கெனவே விழுந்த சர்வர் 404 சொன்னால் எழுந்துவிடாது, 200 வந்தால்தான் திரும்பும். இனி பதிப்பு மாற்ற யாரும் என் குழுவின் கதவைத் தட்ட வேண்டாம்.

10 பிப்ரவரி, செவ்வாய்

தடை இன்று மாலை தொடங்குகிறது. எல்லா பேக்எண்டுகளும் எல்7ஓகே, ஒன்றைத் தவிர. அந்தப் பழைய சர்வருக்கு டிஎல்எஸ் 1.2 தெரியாது. அதற்காகப் பாதுகாப்பைத் தளர்த்துவதில்லை என்று அக்காவும் நானும் முடிவு செய்தோம். அது டிசிபி சோதனையிலேயே தனிப் பட்டியலில் இருக்கும், மாற்றும் பொறுப்பாளரின் பெயரோடு.

புத்தாண்டு முடிந்ததும் சான்றிதழ் புதுப்பித்தல்தான். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. புதுப்பித்து, ரீலோட் செய்து, ஹெல்த் செக் எல்7ஓகே சொன்ன பிறகே அடுத்த சர்வருக்குப் போகும் ஆன்சிபிள் பிளேபுக்கின் முதல் வரைவைத் தம்பி எழுதுகிறான்.