கேட்டுக்கு வந்தவன் முகம் எங்கே?

ஈரோட்டில் சிசிடிவி மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. வீடு பார்க்கப் போனவுடனே, "தம்பி, எட்டு கேமராவுக்கு எவ்வளவு ஆகும்?" என்பார்கள். நான் பதிலுக்குக் கேட்டிலிருந்து வாசல்படி எத்தனை அடி என்று கேட்டால், விலையைச் சொல்லாமல் மழுப்புகிறான் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு.

திருட்டு நடந்த வீடுகளில் பதிவை எடுத்துத் தரவும் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ஒரே கதைதான். ஆள் வருவது தெரியும், போவது தெரியும், தொப்பியும் சட்டையும் தெரியும், முகம் தெரியாது. கேமரா முதல் மாடி சன்ஷேடுக்கு அடியில் உட்கார்ந்து தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருக்கும்.

காரணம் எளிய வகுத்தல் கணக்கு. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் குறுக்குவாட்டில் 1920 பிக்சல், அதாவது 1920 புள்ளி. முன்பின் தெரியாத ஒருவரை முகத்தை வைத்து அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பரவலாக வைத்திருக்கும் அளவு. ஆக, படத்துக்குள் அடங்கும் அகலம் ஏழரை மீட்டரைத் தாண்டினால் முகம் தேறாது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸின் பார்வை ஏறக்குறைய 100 டிகிரி. அதில் பத்தடி தூரத்திலேயே அந்த ஏழரை மீட்டர் தீர்ந்துவிடும். 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் பார்வை குறுகும், ஆனால் இருபதடிக்கு அப்பாலும் முகம் நிற்கும்.

அதனால் வளாகம் முழுவதையும் பார்க்க மேலே ஒன்று, கேட்டைப் பார்த்து ஏழடி உயரத்தில் 6 மில்லிமீட்டர் ஒன்று என்றுதான் ஆரம்பிப்பேன். "கைக்கு எட்டுகிற உயரமாயிற்றே, உடைத்துவிட மாட்டானா?" என்பார்கள். உடைக்கட்டும். உடைக்கக் கையை ஓங்குகிறவனுடைய முகம் அதற்குள் பதிவாகியிருக்கும். பதிவுகளைச் சேமித்து வைக்கும் டிவிஆர் பெட்டியை மட்டும் ஹாலில் டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். போகிற போக்கில் அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

"ராத்திரியில் படம் வெள்ளையாக மூட்டம் போடுகிறது, கேமரா போய்விட்டது" என்று வரும் அழைப்புகளுக்கு நான் முதலில் எடுத்துப் போவது ஒட்டடைக் குச்சி. கேமராவுக்குள் இருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. இருட்டியதும் அவை எரியும்போது, கண்ணாடிக்கு இரண்டு அங்குலம் முன்னால் ஒரே ஓர் இழை சிலந்தி வலை இருந்தாலும் அது டியூப்லைட்டைப் போல ஒளிரும். தெரு அதற்குப் பின்னால் மறைந்துவிடும். காற்றில் அந்த இழை ஆட ஆட, ஆள் நடமாட்டம் என்று மொபைலுக்கு எச்சரிக்கை வேறு வந்துகொண்டே இருக்கும். இதற்காக ஏணி ஏறிக் கூலி வாங்குவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பதிவுகள் தங்கும் ஹார்ட் டிஸ்க்கில்தான் காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிவானால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 1 டிபி டிஸ்க் பதினொரு நாள் தாங்கும்; பிறகு பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளும். காசிக்குப் போய்விட்டுப் பதினைந்தாம் நாள் திரும்பி வந்து பூட்டு உடைந்திருப்பதைப் பார்க்கிறவருக்கு, அவர் கிளம்பிய ஓரிரு நாளிலேயே உடைத்திருந்தால் அந்த இரவின் பதிவு இருக்காது. 2 டிபி போட்டால் இருபது நாளுக்கு மேல் வரும்.

கடைசியாக, டிவிஆரின் கடிகாரம். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டால், இணைய இணைப்பு இல்லாத பெட்டிகள் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் பழைய தேதிக்குப் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, நீதிமன்றத்துக்குப் போகும் பதிவோடு சான்றிதழும் தர வேண்டும். திரையில் தப்பான தேதி ஓடினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். பேட்டரி ஐம்பது ரூபாய்கூட ஆகாது. அடுத்த முறை ஆள் வரும்போது மாற்றச் சொல்லுங்கள்.