அண்ணன் கொடுத்த சைக்கிளை மீட்ட கதை

டோக்கியோவில் யாராவது ஊர் திரும்பும்போது சைக்கிளைத் தந்தால், சாவியோடு ‘ஜோதோ ஷோமெய்ஷோ’வையும் கையோடு எழுதி வாங்கிவிடுங்கள். இவர் அவருக்குக் கொடுத்தார் என்கிற ஒரு பக்கத் தாள்தான். அது இல்லாமல் மூன்று தடவை அலைந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சனிக்கிழமை மருந்துக்கடைக்குள் கால் மணி நேரம்தான் இருந்தேன். ஸ்டேஷன் வாசல் கம்பியோரம் ஏற்கெனவே பத்து சைக்கிள் நின்றதால் நானும் அங்கேயே நிறுத்தியிருந்தேன். திரும்பி வந்தால் ஒன்றுகூட இல்லை. திருட்டு என்று பதறி, பக்கத்து ‘கோபான்’ காவல் சாவடிக்கு ஓடினேன். காவலர் வெளியே வந்து தரையைக் காட்டினார். நிறுத்தத் தடை என்று பெரிதாக ஒட்டியிருக்கிறது, அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தேன். தடைப் பகுதியில் எச்சரிக்கைச் சீட்டெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது, நேரே வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

அப்படி ஏற்றிப்போன சைக்கிள்களை வைக்கும் கிடங்குக்கு நடந்தே முக்கால் மணி. ஞாயிறு போனேன், பூட்டு. திங்கள் அரை நாள் லீவு போட்டுப் போனேன். சாவி, அடையாள அட்டை, 5,000 யென் ரொக்கம் எல்லாம் இருந்தது. ஆனால் ‘போஹான் தோரோக்கு’ என்கிற திருட்டுத் தடுப்புப் பதிவு அண்ணன் பெயரில். சாவி பூட்டில் சரியாகத் திரும்புவதைக் காட்டியும் அந்த எழுத்தர் அசையவில்லை. என்ன தாள் வேண்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். முடியாது என்பதையே நாலு முறை சொன்னார்.

இரவு சென்னைக்குப் போன் போட்டேன். “அப்பவே மாத்தித் தந்திருக்கணும்மா, என் தப்பு,” என்று அண்ணன் வருத்தப்பட்டு, உடனே எனக்குக் கொடுத்ததாக எழுதிய கடிதமும் பாஸ்போர்ட் நகலும் அனுப்பினார். செவ்வாய்க்கிழமை வேறொரு பெரியவர் இருந்தார். தாளைப் படித்தார், முத்திரை வைத்தார், பத்து நிமிடத்தில் முடிந்தது. சக்கரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, அவரே பம்பை எடுத்துக் காற்றும் அடித்துக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குக்கூடப் போகாமல் சைக்கிள் கடைக்குப் போய், 660 யென் கட்டி என் பெயரில் பதிந்தேன். 1994 முதல் இந்தப் பதிவு சட்டப்படி கட்டாயம். ராத்திரியில் போலீஸ் நிறுத்தினாலும் முதலில் பார்ப்பது சைக்கிளில் ஒட்டியிருக்கும் பதிவு ஸ்டிக்கரின் எண்ணைத்தான்.

ஸ்டேஷனின் பின்பக்கமே காசு நிறுத்தம் இருந்திருக்கிறது. முதல் 2 மணி நேரம் இலவசம், அப்புறம் 100 யென். சக்கரப் பூட்டு ‘கிளிக்’ என்று விழுந்ததா பாருங்கள், இட எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைத் தப்பாக அழுத்தினால் அடுத்தவர் சைக்கிளுக்குப் பணம் கட்டிவிட்டு நிற்க வேண்டியதுதான். டோக்கியோவிலேயே கசாய் ஸ்டேஷனில் 2008லிருந்தே 9,400 சைக்கிள் கொள்ளும் நிலத்தடி நிறுத்தம் இருக்கிறது. பாதிக்கு மேல் இயந்திரமே உள்ளே இழுத்து அடுக்கிவிடும். எங்கள் ஸ்டேஷனில் இருக்கும் இடமோ காலை எட்டரைக்குள் நிரம்பிவிடுகிறது. இப்போது எட்டுக்கே கிளம்பிவிடுகிறேன்.