கோட்டியேவும் ட்ரைஸ்டேலும்: கோல் கணக்கு போதாத ஒரு பரிமாற்றம்

2024 ஜனவரி 8 இல் நடந்த ஐஸ் ஹொக்கி வீரர் பரிமாற்றத்தில் பிலடெல்பியா அணி ஏமாந்துவிட்டது என்று ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் இன்னமும் வட்சப்பில் வாதாடிக்கொண்டிருக்கிறார். கட்டர் கோட்டியேவை அனஹைம் அணிக்குக் கொடுத்து, ஜேமி ட்ரைஸ்டேலையும், அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவு செய்யும் ட்ராஃப்டில் 2025 க்கான இரண்டாம் சுற்றுத் தெரிவொன்றையும் வாங்கிய அந்த வியாபாரத்தைக் கோல் கணக்கை மட்டும் வைத்து நிறுக்க முடியாது என்பது என் கட்சி.

அண்ணா காட்டும் எண்கள் சரியானவைதான். 2024-25 பருவத்தில் கோட்டியே 82 ஆட்டங்களில் 20 கோல்கள் அடித்தார். ட்ரைஸ்டேல் 70 ஆட்டங்களில் 7 அடித்தார். ஆனால் முன்னவர் முன்கள வீரர், பின்னவர் பின்கள வீரர். சொந்த எல்லையின் மூலைக்குள் விழுந்த பக் எனும் ரப்பர் வட்டை, எதிராளி முதுகில் மோத வருவது தெரிந்தபடியே எடுத்து, முதல் பாஸை யாருக்கு அனுப்புவது என்று கண நேரத்தில் முடிவு செய்யும் பழக்கம் ஆடி ஆடித்தான் கைவரும். ட்ரைஸ்டேலுக்கு அந்த ஆட்டங்களே கிடைக்கவில்லை. 2021-22 இல், இருபது வயது நிரம்பிய பருவத்தில், 81 ஆட்டங்களில் 32 புள்ளிகள் (கோல்களும் கோலுக்கு உதவிய பாஸ்களும் சேர்ந்த கணக்கு) எடுத்தவர், அடுத்த பருவத்தில் தோள் காயத்தால் எட்டே ஆட்டங்களோடு ஒதுங்கினார்.

பிலடெல்பியாவுக்கு வேறு வழி இருந்ததா என்பதுதான் என் கேள்வி. 2022 இல் தன்னை ஐந்தாவதாகத் தெரிவு செய்த அணியோடு ஒப்பந்தம் செய்யமாட்டேன் என்று கோட்டியே சொல்லிவிட்டார். அவர் பொஸ்டன் கல்லூரி மாணவர். நான்கு ஆண்டுகளும் படித்து முடித்தால் விரும்பிய அணிக்குப் போக வழியுண்டு என்பதால், காத்திருக்கக் காத்திருக்க அவருடைய விலை இறங்கத்தான் செய்யும். அமெரிக்காவின் இளையோர் அணியோடு உலகத் தங்கம் வென்ற சூட்டோடு அவரை விற்றது, பொது முகாமையாளர் டேனியல் பிரியேரின் கெட்டித்தனம் என்றே சொல்வேன்.

ஓரிடத்தில் மட்டும் அண்ணாவை மறுக்க எனக்கு வாயில்லை. உடல் தாங்குமா என்ற சந்தேகம் இருந்த ஒருவரை மையமாக வைத்து விலை பேசியது துணிச்சல்தான். வந்த சில வாரங்களிலேயே, பெப்ரவரியில், ட்ரைஸ்டேல் மறுபடியும் காயப்பட்டார். ஆகவே, கொழும்பில் காலை 5.30 மணிக்கு எழுந்து அவருடைய ஆட்டத்தைப் பார்க்கும் நாட்களில் நான் கோலை எண்ணுவதில்லை. மோதலுக்குப் பிறகு அடுத்த பக்கை எடுக்க அதே வேகத்தில் திரும்புகிறாரா என்றுதான் பார்க்கிறேன்.