எலக்ட்ரோலிசிஸ் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள்

எலக்ட்ரோலிசிஸ், அதாவது மயிர்க்குழிக்குள் ஊசி விட்டுக் கரண்ட் செலுத்தி முடியை நிரந்தரமாக அகற்றும் முறை, படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "முகத்தில கரண்ட் வைக்கிறதா?" என்பதுதான். கரண்டை மெஷின் பார்த்துக்கொள்ளும். ஊசி எங்கே போய் நிற்கிறது என்பதைப் பார்ப்பதுதான் நம் வேலை. செய்முறைப் பரீட்சையில் புள்ளி போவதும் வருவதும் அங்கேதான். கொழும்பில் சிடெஸ்கோ, ஐடெக் மாதிரியான சான்றிதழ்களுக்காக அழகுக்கலை படிக்கும் தங்கைமாருக்கு என் அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

கோட்பாட்டுத் தாளை நினைத்துக் கலங்க வேண்டாம். சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த அதே மின்பகுப்புத்தான். மயிர்க்குழிக்குள் உப்பும் நீரும் இருக்கின்றன. நேரோட்டம் பாய்ந்தால் ஊசியின் நுனியில் சோடியம் ஐதரொட்சைட்டு உண்டாகி, முடியை வளர்க்கும் கலங்களை அழிக்கிறது. 1875இல் சென் லூயிஸ் நகரக் கண் வைத்தியர் சார்ல்ஸ் மிச்செல், கண்ணுக்குள் வளைந்து வளர்ந்த இமைமயிரை அகற்றத் தொடங்கிய முறை இது. ஊசி எப்போதும் கதோட்டு, வாடிக்கையாளர் கையில் பிடிக்கும் தண்டு அனோட்டு. இது மாறினால் உருக்கு ஊசி அரித்து, தோலில் பச்சை குத்தியது போலக் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். ஏன் என்று கேட்டால் காரணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும்.

கணக்கும் வரும். மில்லியம்பியரில் பத்தில் ஒரு பங்கு ஒரு செக்கன் ஓடினால் ஒரு அலகு காரம், அதாவது மேலே சொன்ன சோடியம் ஐதரொட்சைட்டு. அப்படியானால் 0.5 மில்லியம்பியர் 10 செக்கன் ஓடினால் 50 அலகு. இவ்வளவுதான். தேர்மொலிசிஸ் என்ற இன்னொரு முறையில் உயர் அதிர்வெண் ஆடலோட்டம் குழியிலுள்ள ஈரத்தைச் சூடாக்குகிறது. பிளெண்ட் என்பது நேரோட்டம், ஆடலோட்டம் இரண்டையும் சேர்த்த முறை. இந்தப் பகுதியை ஒரே இருப்பில் படித்துவிடலாம்.

நேரம் கேட்பது ஊசி நுழைப்பதுதான். முதலில் கரண்ட்டை நிறுத்தி வைத்துப் பழகுங்கள். ஒருவருக்கொருவர் காலைக் கொடுத்துப் பழகினால் போதும். முடி எந்தச் சாய்வில் வளர்ந்திருக்கிறதோ அதே சாய்வில், இடது கையால் தோலை மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியைத் தானாக இறங்க விட வேண்டும். தோல் குழிந்தால் நீங்கள் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். இரத்தம் கசிந்தால் குழியின் சுவரைக் குத்திவிட்டீர்கள். குழியின் வாயைச் சுற்றித் தோல் வெளுத்தால் சூடு மேலே நிற்கிறது, அதாவது ஊசி ஆழம் போதவில்லை, இல்லாவிட்டால் கரண்ட் அதிகம். சரியாகச் செய்த முடி இடுக்கியில் இழுபடாமல் வழுகி வரும். இழுபட்டு வந்தால் பிடுங்கியதற்குச் சமம், திரும்பவும் முளைக்கும். பரீட்சகர் பெரும்பாலும் இடுக்கி பிடித்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஊசியின் பருமனும் முடியின் பருமனுக்கு ஒத்துப் போக வேண்டும். நெருங்கி நிற்கும் முடிகளை அடுத்தடுத்துச் செய்யாமல் இடம் விட்டுச் செய்யுங்கள்.

பரீட்சையில் செய்து காட்ட மொடலைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். திரெடிங், வக்சிங் செய்து ஒரு மாதம்கூட ஆகாதவர் வேண்டாம். வேரோடு பிடுங்கிய முடி வெளியே தெரியாது. நெடுங்காலம் நூல் போட்ட தாடையில் குழிகள் வளைந்தும் போயிருக்கும். வளரும் பருவத்திலுள்ள முடிதான் நமக்கு வேண்டும். சில நாட்களுக்கு முன் சவரம் செய்திருந்தால் புதிதாகத் தலைகாட்டுவது அதுதான் என்று கண்டுகொள்ளலாம்.

வாய்மொழிக் கேள்விகளில் பலர் சறுக்குவது யாருக்குச் செய்யக் கூடாது என்பதில். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு வேண்டாம். கீலொய்ட் எனும் புடைத்து வளரும் தழும்பு வரும் தோல், நீரிழிவு, கர்ப்பம் என்றால் முதலில் வைத்தியரின் ஆலோசனை. நம்முடைய மாநிறத் தோலுக்குத் தனியாக ஒரு கவனம் தேவை: சூடு அதிகமானால் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கொழும்பு வெயிலுக்கு சன்ஸ்கிறீன் சொல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள், அன்றைக்கு முகப்பூச்சும் வேண்டாம். பெரிய ஊசிக் கதைகளை எல்லாம் விட இந்தப் பகுதிதான் பின்னாளில் தொழிலைக் காப்பாற்றும் என்பது என் எண்ணம். நாடியில் முடி என்று வரும் பிள்ளைகளில் சிலருக்குப் பீசிஓஎஸ் என்ற ஓமோன் கோளாறு இருக்கும். மாதவிடாய் பற்றி அம்மாவின் முன்னால் கேட்காமல், தனியாக, மெதுவாகக் கேட்கப் பழகுங்கள். ஓமோன் பிரச்சினை தீராவிட்டால் புதுக் குழிகளில் புது முடி வரும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிறகு நம்மைத்தான் குறை சொல்வார்கள்.

"லேசர் இருக்கும்போது இது எதற்கு?" என்று கட்டாயம் கேட்பார்கள். லேசர் முடியின் கருநிறத்தைத் தேடிப் போவது, அதனால் நரைமுடியில் எடுபடாது. மின்னோட்டத்துக்கு நிறம் பொருட்டல்ல. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ லேசருக்கு நிரந்தரக் குறைப்பு என்றும், எலக்ட்ரோலிசிஸுக்கு நிரந்தர அகற்றல் என்றும் பிரித்துச் சொல்கிறது. ஆனால் இது முடி முடியாகச் செய்யும் வேலை, ஒரே பகுதிக்குப் பல மாதங்கள் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும். பரீட்சகரிடமும் சரி, வெள்ளவத்தையிலிருந்து கல்யாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஓடி வரும் மணப்பெண்ணிடமும் சரி, இதே பதிலைத்தான் சொல்ல வேண்டும்.