ஹார்ட் டிஸ்க்கைப் படுக்க வைப்பதா, நிமிர்த்துவதா?

மாமாவின் அரிசி ஆலை நீடாமங்கலம் பக்கம். நெல் கொள்முதல், கூலி, லாரி வாடகை எல்லாக் கணக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான். பழைய ஹார்ட் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. சம்பா நெல் வந்து குவிவதற்குள் மாற்றிவிடலாம் என்று புது டிஸ்க்கும் கேபினெட்டும் வாங்கிக்கொண்டு போனேன். அந்தக் கேபினெட்டில் டிஸ்க் படுத்த வாக்கில் போகாது, பக்கவாட்டில் நிமிர்ந்துதான் நிற்கும். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

"லேபிள் மேல பாக்கப் படுக்க வெச்சாதான் ஆயுசு மாப்ளே. மன்னார்குடி மெக்கானிக் அப்பவே சொன்னாரு."

மெக்கானிக் சொன்னதில் நியாயம் உண்டு, அந்தக் காலத்துக்கு. 1980களின் டிஸ்க்குகள் பலவற்றில், சுழலும் தட்டில் எழுதிப் படிக்கும் முனையான ஹெட்டை ஸ்டெப்பர் மோட்டார் நகர்த்தும். இத்தனை ஸ்டெப் நகர் என்றால் நகரும், தகவல் பதிந்த தடத்தின் மேல்தான் நிற்கிறோமா என்று அதற்குத் தெரியாது. படுக்க வைத்து ஃபார்மேட் செய்ததை நிமிர்த்தினால் ஹெட் இம்மி விலகி, படிப்பதில் பிழை வரும். அதனால் எந்த நிலையில் ஓடப் போகிறதோ அந்த நிலையிலேயே ஃபார்மேட் செய்வார்கள். இப்போது அப்படியில்லை. தட்டிலேயே பதிந்திருக்கும் சர்வோ குறிகளை, அதாவது இடம் காட்டும் அடையாளங்களைப் படித்து, ஹெட் தன் இடத்தைத் தானே சரிசெய்துகொண்டே இருக்கிறது. படுக்கை, பக்கவாட்டு, தலைகீழ், எப்படி மாட்டினாலும் சரி என்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் இரண்டு கம்பெனிகளுமே சொல்கின்றன.

இதைச் சொன்னதும் மாமா, ஓடிக்கொண்டிருந்த பழைய கேபினெட்டைப் புரட்டிப் பார்க்கக் கை வைத்துவிட்டார். நல்லவேளை, தடுத்தேன். 7200 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. அந்த வேகத்தில் சுழலும்போது திருப்புவதுதான் ஆபத்து. ஆஃப் செய்து, தட்டு நிற்க அரை நிமிடம் விட்டுத்தான் கழற்றினோம்.

அடுத்தது ஸ்க்ரூ. ஆலை டப்பாவில் எல்லாம் கலந்து கிடந்தது. 3.5 அங்குல டிஸ்க்குக்கு 6-32 என்கிற பெரிய மரை, 2.5 அங்குலத்துக்கு எம்3, மரை நெருக்கமாக இருக்கும். விரலால் இரண்டு சுற்று சுலபமாகப் போனால் சரியான ஸ்க்ரூ, முரண்டு பிடித்தால் விட்டுவிட வேண்டும். நீளம் கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம், உள்ளே போய் இடிக்கும். பக்கத்துக்கு இரண்டாக நான்கையும் போட்டேன். இரண்டே போதும் என்பார்கள். வேறு இடத்தில் போதுமோ என்னவோ, நெல் உமி நீக்கும் ஹல்லர் மெஷின் ஓடினால் மேசை டம்ளர் அதிரும் ஆபீஸில் போதாது. அதே காரணத்துக்காக ஆலையை ஒட்டிய சுவரிலிருந்து கேபினெட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன்.

டிஸ்க்கின் மேல் ஒரு சிறு துளை இருக்கும், மூடாதே என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான வழி அது. தவிட்டுத் தூசு போய்விடும் என்று மாமா டேப்போடு வந்தார். துளைக்கு உள்ளேயே ஃபில்டர் உண்டு, டேப் வேண்டாம் என்றேன். தூசுக்குப் பயந்தால் கேபினெட் ஃபேனைத் துடைப்பதுதான் வழி. ஹீலியம் அடைத்து வரும் பெரிய டிஸ்க்குகளில் இந்தத் துளையே கிடையாது.

கேபிளை மடிக்காமல், கொஞ்சம் தொய்வு விட்டுச் செருகினேன். அப்புறம் விண்டோஸ் போட்டு, கணக்கையெல்லாம் காப்பி செய்து, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் சூட்டைப் பார்த்தேன். 40 டிகிரியை ஒட்டி நின்றது. இந்த வகை டிஸ்க்குகளுக்கு 60 வரை கம்பெனி அனுமதி உண்டு என்றாலும், நெல் அவிக்கிற இடம், சித்திரை வெயிலும் சேரும். அதனால் முன்பக்கம் இன்னொரு ஃபேன் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய டிஸ்க்கை மாமா தூக்கிப் போட விடவில்லை. பீரோவில் இருக்கிறது, லேபிள் மேல் பார்க்க.